பதினோராவது கேள்வி

"கடைசி எட்டு மணி நேரத்துக்குள் உணவு உண்டீர்களா? ஆம் / இல்லை."

படிவத்தில் பதினோராவது கேள்வி இது. இதைத் தமிழில் எழுதியவள் நான். கேட்டவளும் நான்தான். தூத்துக்குடியைச் சுற்றியுள்ள உப்பளங்களில் நாலாயிரத்து முந்நூறு பேரிடம், நானும் எனக்குக் கீழே வேலை பார்த்த ஆறு பேரும், மாதம் ஒருமுறை கேட்டோம். நாலாயிரத்து முந்நூறு பேரும் ஆம் என்றார்கள். நாலு மாதமும், ஒருவர் விடாமல்.

ஒரு ஆய்வில் நூற்றுக்கு நூறு ஒரே பதில் வந்தால் எங்கோ பொய் இருக்கிறது என்று பி.எஸ்சி. முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அதுகூட வேண்டாம். எங்கள் பக்கம் யாராவது "சாப்ட்டியா" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் சொல்வோம். மூன்று நாளாக அடுப்பு எரியாத வீட்டிலும் அதுதான் பதில். கேட்டவருக்குச் சங்கடம் வரக்கூடாது, நம் மானமும் போகக்கூடாது. கல்லூரி ஹாஸ்டலில் மெஸ் கட்டணம் கட்டாத மாதங்களில் நானே வாய் கூசாமல் அதைச் சொல்லியிருக்கிறேன்.

படிவத்தைத் தயாரித்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். அவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. தமிழ்ப் படிவத்தை அங்கே யாரும் படித்துப் பார்க்கவுமில்லை. நான் அனுப்பினேன், கையெழுத்துப் போட்டார்கள், அச்சுக்குப் போனது. தெரிந்த ஒரே ஆள் நான். இந்த ஊர்ப் பேச்சு தெரியும், இந்த ஜனங்களைத் தெரியும் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். நான் "ஆம்" என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனேன்.

அந்த ஆய்வு ஒரு ஊசிக்காக. ஊசியின் பெயர் நிழல். வெயில் நாற்பத்தெட்டைத் தாண்டத் தொடங்கிய பிறகு, காலை பத்து முதல் மாலை நாலு வரை திறந்தவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. உப்பளம் என்றால் திறந்தவெளியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. முதலாளிகள் கத்தினார்கள். இரண்டு வருடத்தில் எங்கள் கம்பெனி நிழலைக் கொண்டுவந்தது. வருடத்துக்கு ஒரு ஊசி. போட்டுக்கொண்டால் உடம்பு சூட்டைத் தாங்கும், வியர்வை வீணாகாது, மயக்கம் வராது. சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது: நிழல் போட்டவர்களுக்கு நேரத்தடை இல்லை. அதன்பின் ஊசி போடாதவர்களுக்கு அளத்தில் வேலை இல்லை.

என் அக்கா சந்தனமாரி பங்குனியில் போட்டுக்கொண்டாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா குடித்துக் குடித்தே செத்தபோது அவளுக்குப் பதினேழு. அன்று வீட்டிலிருந்த பாட்டில்களை எல்லாம் உடைத்துக் குழியில் போட்டு மூடினாள். அந்த வாடை ஏறிய பாயைத் தெருவில் வைத்துக் கொளுத்தினாள். மறுநாள் அம்மாவோடு அளத்துக்குப் போனவள், அம்மா போன பிறகும் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் உப்பு வாரினாள், நான் எம்.எஸ்சி. வேதியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று கல்லூரியில் சான்றிதழ் கேட்டார்கள். அக்காவின் உள்ளங்கையைக் காட்டினால் போதாதா என்று கேட்டுவிட்டு வந்தேன். அப்போதே வாய் அதிகம்தான்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "நீ செஞ்ச மருந்தாட்டி?" என்று கேட்டாள்.

நான் செய்யவில்லை, ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்றேன். எது எப்படியோ, நம்ம வீட்டு மருந்து என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். தயங்கியவர்கள்கூட அவளைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்கள்.

நிழல் ஏன் ஒரு வருடம் உடம்பில் நிற்கிறது என்பதை, வேலையில் சேர்ந்த முதல் வாரம் மைதிலி மேடம் எனக்கு விளக்கினார். எங்கள் ஆய்வகத்தின் தலைவர். கும்பகோணத்துக்காரர். பொறுமையாகச் சொல்லித்தருவார், யாரையும் ஏய்க்கத் தெரியாதவர். இதை அவருக்கு எதிராகவும் சொல்லலாம்.

மருந்து ஒரு நீளமான வால் கொண்ட மூலக்கூறு. வாலில் பதினாறு கார்பன். அந்த வாலால்தான் அது உடம்புக் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. வாலின் நுனியில் இருந்த ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃப்ளூரினை வைத்திருந்தார்கள். 

"ஃப்ளூரின் கிட்டத்தட்ட ஹைட்ரஜன் மாதிரியே சின்னது, கனி," என்றார். "உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, உள்ள விட்டுடும். கல்லீரல் இந்த மாதிரி வாலை நுனியிலேர்ந்துதான் கடிக்க ஆரம்பிக்கும். அங்க கார்பனும் ஃப்ளூரினும் பிடிச்சிருக்கற பிடி இருக்கே, பல்லு இறங்காது. அதனாலதான் நாலு நாள்ல கழிஞ்சு போக வேண்டியது வருஷம் பூரா நிக்கறது."

ஒரு அணுவை மாற்றி ஒரு வருடத்தைச் சம்பாதித்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது புல்லரித்தது. பொய் சொல்லவில்லை.

சித்திரையில் மூன்று பேர் செத்தார்கள். வாந்தி, வலிப்பு, இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோனது. மூவருக்கும் வெப்பத்தாக்கு என்று எழுதினார்கள். நிழல் போட்டவர்களுக்கு எப்படி வெயில் அடிக்கும் என்று நான் கேட்டதற்கு, அளவு போதவில்லை என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. எல்லோருக்கும் பாதி அளவு கூடுதலாகப் போட்டார்கள். அக்காவுக்கும். வைகாசியில் நாலு பேர்.

ஏழு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன். ஏழும் பெண்கள். அளத்தில் பாதிக்குப் பாதி ஆண்கள், அவர்களுக்கும் அதே ஊசி, அதே வெயில். சுடலைமணி என்ற ஒரே ஒரு ஆண் மட்டும் இதே மாதிரி வாந்தியெடுத்து விழுந்திருந்தார். பிழைத்துவிட்டார். முதல் நாள் சம்பளத்தில் வாங்கியதை அன்று காலை வெறும் வயிற்றில் ஊற்றிக்கொண்டு வந்தவர் என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

ஏழாவதாகச் செத்தவளின் ரத்தம் எங்களிடம் இருந்தது. விழுந்த அன்று எடுத்தது. மெஷினில் ஓட்டினேன். வந்த வரைபடத்தில் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதோடு, இருக்கவே கூடாத ஒரு இடத்தில் சின்னதாக ஒரு மேடு. மூன்று முறை ஓட்டினேன். மேடு அசையவில்லை. அச்செடுத்து மைதிலி மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

அதைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்துப் பதினாறு கோடு போட்டார். கடைசிக் கோட்டில் ஒரு வட்டம். அதுதான் ஃப்ளூரின்.

"நாம வாலோட நுனியைப் பூட்டினோம்," என்றார். "இது தலைப்பக்கமா வந்திருக்கு. வயிறு ரொம்ப நேரம் காலியா இருந்தா உடம்பு சேமிச்ச கொழுப்பைக் கரைக்கும். அதுக்குன்னே சில என்சைம் தூங்கிண்டிருக்கும், அது முழிச்சுக்கும். கொழுப்புல ஒட்டிண்டிருக்கற நம்ம மருந்தையும் பிடிச்சு, தலையை வெட்டிட்டு, வாலை ரெண்டு ரெண்டு கார்பனா நறுக்கும். பதினாறுலேர்ந்து ரெண்டு ரெண்டா எடு. கடைசில என்ன மிஞ்சும்?"

இரண்டு கார்பன், ஒரு ஃப்ளூரின். ஃப்ளூரோஅசிடேட்.

"எலி மருந்து," என்றேன்.

"அதுவா நேரா கொல்லாது. உடம்பு அதை நல்ல அசிடேட்னு நெனச்சுக்கும். செல்லுக்குள்ள சக்தி தயாராகற சக்கரம் இருக்கில்லையா, அதுல ஏத்தி விடும். சக்கரம் சிக்கி நின்னுடும். இதயம் முதல்ல." தாளைத் திருப்பி வைத்தார். "விஷத்தை நாம குடுக்கல, கனி. அவங்க உடம்பே தயாரிச்சிருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முகத்தில் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

வாலில் பதினேழு கார்பன் இருந்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். மூன்று மிஞ்சும் என்றார். மூன்று கார்பன் துண்டு அந்தச் சக்கரத்தில் ஏறாது, கழிந்து போய்விடும். முதலில் செய்து பார்த்தது பதினேழுதானாம். அது நாலு மாதம்தான் நின்றது. வருடத்துக்கு மூன்று முறை ஆட்களை வரிசையில் நிறுத்தி ஊசி போட முடியாது என்று அளத்து முதலாளிகள் சொன்னதால் பதினாறுக்கு மாறியிருக்கிறார்கள்.

"பட்டினி போட்டுச் சோதிக்கலையா மேடம்?"

"எலியில பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் பார்த்தோம். ஒண்ணும் ஆகல. மனுஷா மேல பார்த்தப்போ ஹாஸ்டல்ல வச்சு மூணு வேளை சாப்பாடு போட்டோம். அதுக்கு மேல..." கண்ணாடியைக் கழற்றினார். "இருபது மணி நேரம் சாப்பிடாம யாரு உப்பு வாருவான்னு தோணவே இல்ல. உன்னோட படிவத்துலயும் எல்லாரும் சாப்பிட்டிருக்காளே?"

அந்தப் பதிலின் லட்சணத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

சுடலைமணி ஏன் பிழைத்தார் என்பதற்கும் அவரே விடை சொன்னார். சாராயம் உடம்பில் அசிடேட்டாக மாறும். நல்லது நிறைய இருந்தால் கெட்டது சக்கரத்தில் ஏற இடம் கிடைப்பது குறையும். இதற்கென்று மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. வேறு வழியே இல்லாவிட்டால், விழுந்த உடனே, கொஞ்சம் பிராந்தி. கேட்டால் கேட்கும்.

மேலிடத்துக்கு அன்றே கடிதம் எழுதினார். இரண்டு வாரம் பொறு, யாரிடமும் சொல்லாதே, பீதியாகிவிடும் என்றார். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. இன்னும் ஒன்பது மாதமாவது அது உள்ளேதான் இருக்கும். நான் வேலையில் சேரும்போது ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவள். பொறுத்தேன்.

ஆனால் அக்காவிடம் பொறுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே, சாப்ட்டியாக்கா என்றேன்.

"ஆச்சு ஆச்சு. நீ உள்ள வா."

அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. வறுத்த கடலை வாங்கிப் போயிருந்தேன். தரையில் பதினாறு கடலையை வரிசையாக வைத்தேன். கடைசியாகக் கறுத்துப் போன சொத்தை ஒன்று. ரெண்டு ரெண்டாக எடுத்துத் தின்னச் சொன்னேன். என்ன விளையாட்டுட்டி இது என்று சொல்லிக்கொண்டே தின்றாள். கடைசி இரண்டை எடுக்கப்போன கையைப் பிடித்து நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு வைத்திருந்தால் கடைசியில் மூன்று மிஞ்சும், மூன்றாக இருந்தால் அந்தச் சொத்தை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னேன்.

அக்கா அந்தச் சொத்தைக் கடலையை விரலால் உருட்டினாள்.

"ஒரு கடலைக்கு ஏழு பொம்பளையா," என்றாள்.

பிறகு, "அப்ப பசிக்க விடாம தின்னா போதும், அவ்வளவுதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"இதச் சொல்லவா எம்.எஸ்சி. படிச்ச? பொம்பளையும் தின்னணும்னு?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "தின்னா தண்ணி குடிக்கணும். குடிச்சா எங்க போயி இருக்கச் சொல்லுத? கண்ணுக்கு எட்டுன தூரம் வெட்ட வெளியா கெடக்கு. ஆம்பளைய வரப்புக்கு அந்தாண்ட திரும்பி நின்னுட்டு வந்துருவான். நாங்க?"

எனக்குத் தெரிந்ததுதான். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை அளத்துப் பெண்கள் வாயில் எதுவும் போடமாட்டார்கள். ஒதுங்க இடம் இல்லை என்பதால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வது. முன்பெல்லாம் விடிகாலை நாலு மணிக்குப் போனால் பத்து மணிக்கு விட்டுவிடுவார்கள். பதினைந்து மணி நேரப் பசியோடு முடிந்தது. நிழல் வந்த பிறகு மாலை நாலு மணி வரை வேலை. இருபது மணி நேரம். போதாததற்கு, நிழல் போட்டவர்களைக் கண்காணிக்க ஒவ்வொரு அளத்தின் நடுவிலும் கேமரா கோபுரம் நட்டிருந்தார்கள். முன்பு குவித்த உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் உட்காரவாவது முடிந்தது. இப்போது அதுவும் இல்லை.

வெயிலைத் தாங்க வைத்த ஊசி பசியை நீட்டியது. பசி ஊசியை விஷமாக்கியது. இந்த வட்டத்தை எந்த எலியிலும் சோதித்திருக்க முடியாது. எலிக்கு வெட்கம் கிடையாது.

மற்ற பெண்களுக்கு யார் சொல்வது என்று அக்கா கேட்டாள். இரண்டு வாரம் பொறு, மேடம் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"ஒங்க மேடம் எழுதட்டும். நான் கம்பு நடுதேன்," என்றாள்.

சொன்னபடி செய்தாள். நாலு சவுக்குக் கம்பு, இரண்டு பழைய சேலை. அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மறைப்பு. காரணத்தைச் சொல்லாமல், தின்னாமல் வந்தால் வெயிலுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லி, பெண்களை ஒன்பது மணிக்கு உட்காரவைத்துச் சாப்பிட வைத்தாள். உலகத்தில் இல்லாத மாற்று மருந்தை என் அக்கா நாலு கம்பில் கட்டிவிட்டாள். பதினோரு நாள் அந்த அளத்தில் யாருக்கும் தலைகூடச் சுற்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் கங்காணி தங்கப்பழம் வந்து கம்பைப் பிடுங்கிப் போட்டார். கேமராவுக்கு மறைவாக ஒரு இடம் இருக்கிறது, ஆட்கள் அடிக்கடி காணாமல் போகிறார்கள் என்று கோபுரம் காட்டிக்கொடுத்திருக்கிறது. அக்கா சண்டை போட்டாள். ராணியம்மாவுக்கு அரண்மனை கட்டித்தரச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். மறுநாளிலிருந்து தூக்குவாளிகள் திறக்கப்படவில்லை. அக்காவுடையதும்தான். எல்லோரும் பட்டினி கிடக்கும்போது அவள் மட்டும் தின்றுவிட்டு, எங்கே போய் உட்காருவாள்?

மேலிடத்துப் பதிலும் அந்த வாரம்தான் வந்தது. மருந்துச் சீட்டில் ஒரு வரி சேர்ப்பார்களாம்: 'உணவுக்குப் பிறகு மட்டுமே பகல் வேலையில் ஈடுபடவும்.' கீழே இன்னும் இரண்டு வரி. களப் படிவங்களின்படி அனைவரும் உணவு உண்டே பணிக்கு வந்திருப்பதால், இறப்புகளுக்கும் மருந்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. மேலும், பயனாளியின் உடல் தானாகவே தயாரித்துக்கொள்ளும் பொருளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

என் டிக்குகள். மேடத்தின் வாக்கியம். எங்கள் இருவரையும் வைத்தே சுவர் எழுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பூரணம் அத்தை போன் செய்தாள். அக்காவோடு ஒரே பாத்தியில் வாருகிறவள்.

"கனி, ஒங்கக்காவுக்கு வெயில் அடிச்சிருச்சு. வாந்தியா எடுக்கா. கையி காலு இழுக்கு."

வண்டியை எடுத்தேன். வழியில் பிராந்திக் கடையில் நிறுத்தினேன். பட்டப்பகலில் ஒருத்தி வந்து நின்றதும் வரிசை தானாக விலகியது. யாருக்குத் தங்கச்சி என்று ஒருவன் கேட்டான். அக்காவுக்கு என்றேன். பின்னால் எழுந்த சிரிப்பு சாலை வரை வந்தது.

உப்பு அம்பாரத்தின் ஓரத்து நிழலில் கிடத்தியிருந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. கண் என் மேல் நிற்கவில்லை. மூடியைத் திறந்ததும் அந்த நிலையிலும் முகத்தைத் திருப்பினாள்.

"அப்பா வாடை," என்றாள்.

மருந்துக்கா, இதுதான் மருந்து, குடிச்சிரு என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். காரணத்தை விளக்க நேரமில்லை. அவள் தலையை மடியில் வைத்து மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்கு வாய் திறந்தபோது ஊற்றினேன். பாதி கழுத்தில் வழிந்தது, பாதி உள்ளே போனது. இருமினாள். ஒரு கணம் கண் என் மேல் நின்றது.

"நீயுமாட்டி?" என்றாள்.

அக்கா என்னிடம் முழுதாகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பையன், என் வயதுகூட இருக்காது. வாடையைப் பிடித்ததும் முகம் சுளித்தான். நான் ஃப்ளூரோஅசிடேட் என்று சொன்னேன், எழுத்துக் கூட்டிச் சொன்னேன், அச்செடுத்த தாளைக் காட்டினேன். அதைக் கண்டுபிடிக்க இங்கே வசதி இல்லை மேடம் என்றான். கையில் இருந்த கருவியால் கண்டுபிடிக்க முடிந்ததைக் கண்டுபிடித்தான். 'மது அருந்திய நிலையில் வெப்பத்தாக்கு' என்று எழுதினான். அவன் பொய் எழுதவில்லை. ரத்தத்தில் மது இருந்தது. ஊற்றியது நான்.

பிழைத்தாள். நாலு நாள் வலிப்பு, இரண்டு முறை இதயம் நின்று திரும்பியது. மூளைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் போகவில்லை என்றார்கள். வலது கால் இழுக்கிறது. விரல்கள் எதையும் பிடிக்காது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை. கம்பெனியின் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை. காரணம் என்ற இடத்தில் 'மது' என்று போட்டிருந்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவள் இப்போது ஊரில் குடிகாரி. குடிகாரன் மகள்தானே என்று தங்கப்பழம் சொன்னாராம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வழக்கம்போல, சாப்ட்டியா மாரி என்று கேட்கிறார்கள். அக்கா, "இல்ல" என்கிறாள்.

சோறு ஊட்டி முடித்து, நான் அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் இல்ல என்கிறாள். வந்தவர்கள் பதறிப்போய் என்னைப் பார்க்கிறார்கள். அந்தப் பதிலை அவர்கள் வாழ்க்கையில் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் எழுந்து போய்விடுகிறார்கள். நல்ல மூளையோடு இருந்தபோது அவளும் ஒருமுறை இப்படிச் சொல்லியிருக்கலாம். நானும் ஒருமுறை எழுதியிருக்கலாம்.

ஆடி பிறந்ததும் பெங்களூரிலிருந்து புதுப் படிவம் வந்தது. பத்துக் கேள்விதான். பதினோராவதை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. உணவுக்குப் பிறகு மட்டுமே வேலை என்று மருந்துச் சீட்டில் போட்டாகிவிட்டது. இனி யாராவது ஒருத்தர் இல்லை என்று சொல்லி, அதற்குப் பிறகும் வேலைக்கு அனுப்பி, ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு கம்பெனியுடையது. கேட்காவிட்டால் பொறுப்பு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் வேண்டும் என்றிருந்தது. உப்புக்காற்றில் டேப்லெட் மூன்று மாதம் தாங்காது என்பதால் எங்களுக்கு இன்னும் காகிதம்தான். அச்சடித்து, கம்பெனி முத்திரையோடு நாலாயிரத்து முந்நூறு பிரதி.

பத்தையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். பிறகு பதினொன்று என்று எண் போட்டேன்.

அனுப்புவதற்கு முன் மைதிலி மேடத்திடம் போய் நின்றேன். அக்காவைப் பார்க்க மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு வந்தவர். மூன்று முறையும் வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, பார்க்கிறீர்களா மேடம் என்றேன். கையை நீட்டினார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே அவர் கண் ஓரிடத்தில் நின்றது. நான் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தமிழ் படிச்சு ரொம்ப நாளாச்சு, கனி," என்று திருப்பிக் கொடுத்தார். "நீ பண்ணினா சரியாத்தான் இருக்கும். அனுப்பிடு."

அனுப்பினேன். கையெழுத்துப் போட்டார்கள். அச்சாகி வந்தது.

போன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அக்காவின் அளத்தில் முதல் கட்டைப் பிரித்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் பூரணம் அத்தைதான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள். பெயர், வயது, ஊசி போட்ட தேதி என்று மடமடவென்று வாசித்துக்கொண்டே வந்தவள் கடைசிக் கேள்வியில் குரலைத் தாழ்த்தினாள். மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"இந்த ஊசி போட்டவர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பசியோடு இருந்தால், அவர் உடம்பிலேயே இது உயிரைக் கொல்லும் விஷமாக மாறும் என்பதை, ஊசி போடும் முன் உங்களிடம் சொன்னார்களா? ஆம் / இல்லை."

பாத்தியில் உப்பு வாரும் பலகையை இழுக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"ஏட்டி கனி, இது நெசமா? அன்னைக்கு நீ மாரிக்கு ஊத்துனது..."

நான் படிவத்தை மட்டும் காட்டி, கேள்விக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க அத்தை என்றேன். அத்தை பேனாவை வாங்கினாள். டிக் அடித்தாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, கோபுரத்துக் கேமராவுக்கு நேராகத் தூக்குவாளியைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தங்கப்பழம் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

என்னை எப்போது வேலையிலிருந்து அனுப்புவார்கள் என்று தெரியவில்லை. அதற்குள் ஒன்பது அளம் முடித்துவிட்டேன். படிவங்கள் பெங்களூரில் கம்பெனியின் சொந்தப் பதிவேட்டில், அவர்களுடைய முத்திரைக்குக் கீழே, ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் நகலும் என்னிடம் இருக்கிறது. பட்டியலில் இல்லாவிட்டாலும் அக்காவுக்கும் ஒரு படிவம் எடுத்துப் போயிருந்தேன். பதினோராவது கேள்வியை மெதுவாக வாசித்தேன். இல்ல என்றாள். அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றினேன்.

இதுவரை ஒரு "ஆம்" கூட வரவில்லை. நூற்றுக்கு நூறு இல்லை. பி.எஸ்சி. முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்தது இந்தமுறை பொருந்தாது.